கர்னல் இரண்டரைக் கிலோ

அந்தக் குளிர்காலத்தின் முதல் பொய்யைச் சொன்னபோது வெர்னன் லாக்ஸோவின் கையில் ஒரு செத்த எலி இருந்தது.

எலி சூடாகத்தான் இருந்தது. உறைபெட்டியிலிருந்து எடுத்து, பையோடு வெந்நீரில் அரைமணி நேரம் போட்டு வைத்து, துடைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் மூக்குப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சூடு காட்டியிருந்தான். பிறகு சாசேஜ் வாட்டுகிற நீள இடுக்கியால் அதன் வாலைப் பிடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உயிரோடு ஓடுவது போல ஆட்டிக் காட்டினான். கல்யாணமான புதிதில் மனைவிக்குக்கூட அவன் இத்தனை பக்குவமாக எதையும் செய்து போட்டதில்லை. பெட்டிக்குள் இருந்த கர்னல் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாக்கை இரண்டு தரம் நீட்டி வாசம் பிடித்தார். பிறகு பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தி போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கர்னல் ஒரு பாம்பு. ஆப்பிரிக்க இனத்துக் குட்டை மலைப்பாம்பு. நாலடி நீளம், காப்பிக்கொட்டை நிறம், அதில் வெண்ணெய் நிறத் திட்டுகள். பயந்தால் கடிக்க மாட்டார். பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்வார். பாம்புக்கு மரியாதை கொடுத்துவிட்டு அறுபத்து மூன்று வயது மனிதனை 'அவன்' என்கிறேனே என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் வரிசை அப்படித்தான் இருந்தது.

கர்னல் வெர்னனுடைய பாம்பு இல்லை, மகள் டெசாவின் பாம்பு. டெசா சமையல்காரி; வெளியூரில் இருந்தவள் அந்தக் கோடையில்தான் பாம்போடு அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். தென் துருவத்து ஆராய்ச்சி முகாம் ஒன்றில் ஐந்து மாத வேலை கிடைத்து அக்டோபர் கடைசியில் கிளம்பிப் போனாள். அங்கிருந்து படம் கிடம் அனுப்ப முடியாது. வாரத்துக்கு இரண்டு நாள் எழுத்துச் செய்தி மட்டும் போகும், வரும். கிளம்புகிற அன்று எலிகள் இருபதை எண்ணி ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி உறைபெட்டியில் வைத்தாள். எலியைச் சூடு பண்ணுகிற விதத்தைச் செய்து காட்டினாள். பெட்டி மேல் ஒரு தடித்த நோட்டை வைத்து, "எல்லாம் இதுல எழுதியிருக்கேன், படிச்சிடு" என்றாள்.

வெர்னன் முப்பத்தோரு வருடம் சுபீரியர் ஏரிக்கரை மாவட்டச் சாலைகளில் பனி வாரும் லாரி ஓட்டியவன். லாரிக்கு வந்த புத்தகத்தையே பிரித்துப் பார்க்காதவன், பாம்புக்கு வந்ததையா பார்ப்பான்? கர்னலின் பெட்டி இருந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. நோட்டு அதன் அடியில் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. மேசை ஆடுவது நின்றது.

விமான நிலைய வாசலில் டெசா கடைசியாக ஒன்று சொன்னாள்.

"அப்பா, கர்னல் சாப்பிட்டாலும் சரி, சாப்பிடலன்னாலும் சரி, செத்தே போனாலும் சரி. உள்ளத உள்ளபடி சொல்லிடணும். இன்னொரு பீனட் வேணாம்."

"அதையே இன்னும் எத்தனை வருஷத்துக்குடி சொல்லுவே?"

"இன்னொரு தடவை பீனட் வேலை பண்ணினே, என் பாம்பத் தூக்கிட்டு அம்மாகிட்ட அரிசோனாவுக்கே போயிடுவேன். அங்க வெயிலும் நல்லாருக்கும் அதுக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வெர்னனுக்குச் சிரிப்பு வரவில்லை. பீனட் என்பது டெசாவுக்கு ஒன்பது வயதில் இருந்த வெள்ளெலி. அது ஒருநாள் காலையில் செத்துக் கிடந்தபோது, குழந்தை அழுமே என்று வெர்னன் அறுபது மைல் ஓட்டிப்போய் அதே நிறத்தில் வேறொன்று வாங்கிக் கூண்டில் விட்டான். மூன்று வாரம் கழித்து, ஆண் பிள்ளையான பீனட் ஏழு குட்டி போட்டது. அன்றைக்கு அந்தக் குழந்தை பார்த்த பார்வையை அவன் இன்னும் மறக்கவில்லை. அவள் அம்மா விட்டுப் போனபோது டெசாவுக்குப் பதினான்கு வயது. யாரோடு இருக்கிறாய் என்று கேட்டதற்கு அவனைத்தான் காட்டினாள். அவனுக்கென்று உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.

அப்படிப்பட்டவன் எதற்குப் பொய் சொன்னான்? அந்த வெள்ளிக்கிழமை டெசாவிடமிருந்து வந்த செய்தி அப்படி. 'தலைவலி நிற்கவே இல்லை அப்பா. சூரியன் மறையவே மாட்டேன் என்கிறது. தினம் முப்பது பேருக்குச் சமைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து அழுகிறேன். கர்னல் சாப்பிட்டாரா?'

வெர்னன் எலியைப் பார்த்தான். கர்னலைப் பார்த்தான். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒற்றை விரலால் தட்டினான்: 'சாப்பிட்டார். ஒரே விழுங்கு.'

அடுத்த வெள்ளியும் கர்னல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கடுத்த வெள்ளியும். வெர்னன் இது நோய்தான் என்று முடிவு கட்டினான். கணினியில் தேடிப் பார்த்தான். முதல் பக்கத்தில் வாய்ப்புண் என்றிருந்தது, இரண்டாவதில் சிறுநீரகம், மூன்றாவதில் கட்டி. நாலாவதற்குப் போகாமல் கணினியை மூடிவிட்டான். ஊரில் இருந்த ஒரே கால்நடை மருத்துவர் நீமி அம்மாளிடம் கர்னலைத் தலையணை உறையில் போட்டுக் கொண்டுபோனான். அந்த அம்மாள் நாற்பது வருடமாக மாடு பார்க்கிறவர். ஸ்டெதஸ்கோப்பைக் கர்னலின் உடம்பு நெடுக வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

"இதுக்கு நெஞ்சு எங்க ஆரம்பிக்குது வெர்ன்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே டாக்டர்."

"உயிரு இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. மாடா இருந்தா நாலு வயித்துல எதுன்னு சொல்லிடுவேன்."

திரும்பி வந்து கர்னலை நிறுத்தான். அவனிடம் இருந்தது மீன் நிறுக்கிற கொக்கித் தராசு. தலையணை உறையோடு கதவு நிலையில் தொங்கவிட்டுப் பார்த்தால் ஆயிரத்து ஐந்நூற்று எண்பது. டெசா போகும்போது ஆயிரத்து அறுநூற்றுப் பத்து. ஆனால் டெசாவிடம் வாரம் ஒரு எலி சாப்பிட்டதாகச் சொல்லியாயிற்றே. எலி ஒன்று தொண்ணூறு கிராம். தொண்ணூறு கிராம் உள்ளே போனால் தொண்ணூறு கிராம் ஏறத்தானே வேண்டும் என்று வெர்னன் கணக்குப் போட்டான். அப்படிப் பார்த்தால் அவனே இந்நேரம் ஒரு லாரி கனம் இருக்க வேண்டும். அது அவனுக்குத் தோன்றவில்லை. வாரம் தவறாமல் தொண்ணூறு கிராம் ஏற்றினான்.

வெறும் எடையைச் சொன்னால் நம்புவாளோ மாட்டாளோ என்று ஜோடனையும் சேர்த்தான். எலியை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்தார், விழுங்கி முடித்ததும் எப்படிக் கொட்டாவி விட்டார், இரண்டாவது எலிக்காக எப்படிக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்று வாராவாரம் ஒரு பக்கம் அளந்துவிட்டான். வாழ்க்கையில் அவன் எழுதிய மிக நீளமான கடிதம் அதுவரை மின்சார அலுவலகத்துக்குப் போட்ட புகார்தான். பாம்பு பட்டினி கிடக்கக் கிடக்க, வெர்னனுக்கு எழுத்து நன்றாக வந்தது.

சாப்பிடாத எலியைத் திரும்ப உறைபெட்டியில் வைக்கக்கூடாது. அந்த எலிகளுக்கு ஒரு வழி பண்ணியவன் ஆர்னி பெல்டோலா.

ஆர்னி அடுத்த தெரு. பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகம். பாம்பு என்றால் உயிரே போய்விடும் அவனுக்கு. கர்னல் இருக்கிற அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒருநாள் வெர்னன் வீட்டு உறைபெட்டியைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பாவில் கையை விட்டவன், பிறகு ஒரு நிமிடம் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நின்றவன் மெல்லத் திரும்பினான்.

"வெர்ன், இது பாம்பு திங்காம மீந்துதுன்னா என்னடா பண்றே?"

"குப்பையிலதான்."

"எங்கிட்ட குடு."

"எதுக்குடா?"

"பைக் மீனுக்கு. பெரிய மீனுக்குப் பெரிய சாப்பாடு."

ஏரி உறைந்திருந்தது. ஆர்னி பனிக்கட்டியில் துளை போட்டு, வெந்நீரில் குளிப்பாட்டி மூக்கு சூடு பண்ணிய எலியைக் கொக்கியில் மாட்டி இறக்கினான். முதல் வாரமே கை நீளத்துக்கு ஒரு பைக் மீன் ஏறிற்று. ஊரே வந்து பார்த்தது. என்ன இரை என்று கேட்டதற்கு, குடும்ப ரகசியம் என்று சொல்லிவிட்டான். பாதி மீனை வெட்டிக் கொண்டுவந்து வெர்னன் உறைபெட்டியில் வைத்தான். வாரத்துக்கு ஓர் எலி குறைந்தது, ஒரு பொட்டலம் மீன் கூடியது. ஊரில் அந்தக் குளிர்காலம் பட்டினி கிடந்தவர் கர்னல் ஒருவர்தான்.

ஜனவரியில் வெர்னனுக்கு ஒரு யோசனை உதித்தது. ஆப்பிரிக்காக்காரர், இங்கே ஜன்னலுக்கு வெளியே ஆளுயரப் பனி. குளிர்தான் கோளாறு. லாக்ஸோ குடும்பத்தில் நாலு தலைமுறையாகச் சளி, சுளுக்கு, மனக்கஷ்டம் எதுவானாலும் ஒரே மருந்து, கொல்லையில் இருக்கிற சவுனா. வெர்னன் பிறந்ததே அந்த வெந்நீராவி அறையில்தான். மனிதனுக்கு ஆகிறது பாம்புக்கு ஆகாதா?

சனிக்கிழமை பிற்பகல் அடுப்பில் இரண்டே கட்டை வைத்தான். வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியதும் கர்னலைக் கொண்டுபோய்க் கீழ்ப்பலகையில் துண்டு விரித்து உட்கார வைத்தான். ஐந்து நிமிடத்தில் கர்னலின் சுருள் தளர்ந்தது. பத்து நிமிடத்தில் தலை நிமிர்ந்தது. நாக்கு விறுவிறுவென்று வெளியே வந்துபோயிற்று. வெர்னனுக்குக் கண் கலங்கிவிட்டது. பசி வந்துவிட்டது ஐயாவுக்கு என்று எலியைச் சூடு பண்ண வீட்டுக்குள் ஓடினான்.

சனிக்கிழமை என்பதை மறந்துவிட்டான். நாற்பது வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆர்னி அங்கே சவுனாவுக்கு வருகிறவன். புகைபோக்கியில் புகையைப் பார்த்து அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டான். வெர்னன் இடுக்கியில் எலியோடு திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, அடுப்பில் ஆறு கட்டை எரிந்துகொண்டிருந்தது. ஆர்னி பிறந்தமேனியாக மேல்பலகையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். கீழ்ப்பலகைத் துண்டில் யாரும் இல்லை.

"கதவச் சாத்துடா, சூடு போவுது" என்றான் ஆர்னி, கண்ணைத் திறக்காமல்.

"ஆர்னி."

"என்ன?"

"ஆடாம அசையாம உக்காரு."

"உக்காந்துதானே இருக்கேன். வெர்ன், உன் வீட்டுத் துண்டு எல்லாம் ஏண்டா இப்படி ஈரமா இருக்கு? தோள்ல போட்டா சில்லுனு இருக்குது."

வெர்னன் ஓரடி உள்ளே வைத்தான்.

"நான் தோள்ல துண்டே போடலியே" என்றான் ஆர்னி, கொஞ்சம் யோசித்து. கண்ணைத் திறந்தான். முதலில் இடுக்கியில் தொங்கிய எலியைப் பார்த்தான். பிறகு தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினான். கர்னலும் தலையை வலப்பக்கம் திருப்பினார்.

ஆர்னி கத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மூச்சு மட்டும் உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. வெர்னன் பாய்ந்து கர்னலைத் தூக்கியதும், ஆர்னி கதவை உடைத்துக்கொண்டு வெளியேறி, பனியில் விழுந்து எழுந்து, கொல்லை வழியாகத் தெருவுக்கு ஓடி, வீடு வரைக்கும் ஓடினான். எதிரே காரில் வந்த பாதிரியார் கையசைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை மாலை ஓர் ஆள் அம்மணமாகப் பனியில் ஓடினால் அந்த ஊரில் யார் ஏன் என்று கேட்கப் போகிறார்கள்?

கர்னல் எலியைத் தொடவில்லை. ஆர்னி ஆறு நாள் பேசவில்லை. ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நின்று, "எலி இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அது பத்தாவது வெள்ளி. அன்றைக்கு வெர்னனின் கணக்கில் கர்னல் இரண்டு கிலோ ஐந்நூற்றுப் பத்து. உண்மையில் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. டெசாவிடமிருந்து உடனே பதில் வந்தது. 'அப்பா, இரண்டரைக் கிலோவா? இது ஆபத்து. இன்றிலிருந்து பட்டினி போடு. எலியைக் கண்ணில்கூடக் காட்டாதே. உடற்பயிற்சி வேண்டும்.'

வெர்னன் அதை மூன்று தடவை படித்தான். பட்டினி போடு! இனிமேல் கர்னல் சாப்பிடாமல் இருந்தால் அது நோய் இல்லை, சொன்ன பேச்சு கேட்பது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அன்றைக்கு அவனுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

காலையில் எழுந்தபோதுதான் உறைத்தது. ஏற்றிய எடையை மார்ச் மாதத்துக்குள் இறக்கியாக வேண்டுமே! மறுபடியும் ஒற்றை விரலால் உட்கார்ந்தான். 'கர்னல் தினமும் கூடத்தில் நாலு சுற்று போகிறார். இன்று மாடிப்படி ஏழு ஏறினார். எட்டாவதில் உட்கார்ந்துவிட்டார்.' டெசா கேட்டாள்: 'ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?' வெர்னன் எழுதினான்: 'கொஞ்சம். ஆனால் ரோஷக்காரர். உதவிக்குப் போனால் முறைக்கிறார்.'

எவ்வளவு ஏறவைத்தும் பிப்ரவரி கடைசியில் இரண்டு கிலோ இருநூறுக்குத்தான் கொண்டுவர முடிந்தது. அப்போது செய்தி வந்தது: 'மார்ச் ஆறு வந்துவிடுவேன். கர்னலை நானே நிறுத்துப் பார்க்கிறேன்.'

வெர்னன் ஆர்னியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். ஆர்னி தாடையைத் தடவினான்.

"அறுநூத்தம்பது கிராம் இடிக்குது, இல்ல?"

"ஆமாடா."

"நேத்து பேப்பர்ல ஒரு விளம்பரம் பாத்தேன். கிரீன் பே ஊர்ல ஒருத்தன் பாம்பு விக்கிறானாம். இதே சாதி, இதே நிறம். எடை என்ன போட்டிருந்தான் தெரியுமா? ரெண்டு கிலோ இருநூறு."

"வேணாம்டா."

"கிராம் பிசகல வெர்ன்! கடவுளாப் பாத்து எடை போட்டு வச்சிருக்காரு."

வேண்டாம் என்று சொன்ன வெர்னன் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டியதுதான், நாற்பது மைல் ஓட்டியும் போனான். வழியில் ஒரு ரயில் கடவையில் சரக்கு ரயிலுக்காக நிற்கவேண்டி வந்தது. நூறு பெட்டிக்கு மேல் இருக்கும், ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. சும்மா நின்றால் மனிதன் யோசிப்பான். வெர்னனுக்குக் கூண்டும், ஏழு குட்டிகளும், கூண்டுக்கு முன்னால் இரவுச் சட்டையோடு நின்ற ஒன்பது வயதுப் பெண்ணும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவள் அன்று அழவில்லை. "அப்போ பீனட் எங்க?" என்றுதான் கேட்டாள்.

ரயில் போய் முடிந்தது. வெர்னன் வண்டியைத் திருப்பினான். வீட்டுக்கு வந்து கண்ணாடிப் பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

"யோவ் கர்னல், சொல்லிடப் போறேன்யா" என்றான். "அவ அரிசோனா போனா நீயும் போயிடுவே. உனக்கென்ன, வெயில். நான்தான் இங்க ஆர்னி மூஞ்சியப் பாத்துட்டுக் கெடக்கணும்."

கர்னல் பாத்திரத்துத் தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மார்ச் ஆறாம் தேதி டெசா கன்னம் கறுத்து, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். கட்டிக்கொண்டாள். வண்டியில் ஏறியதும் முதல் கேள்வி, "கர்னல் எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"மூச்சு வாங்குறது கொறஞ்சுதா?"

"ம்."

சுபீரியர் ஏரியை ஒட்டிய சாலையில் வெர்னன் இருபது மைல் வேகத்தில் போனான். பனி வாரும் லாரியையே இதைவிட வேகமாக ஓட்டியவன்.

"ஏம்ப்பா மாட்டு வண்டி மாதிரி போறே?"

"வழுக்கும்."

"ரோடு காஞ்சு கெடக்குப்பா."

பெட்ரோல் நிலையத்தைத் தாண்டும்போது சொல்லலாம் என்று நினைத்தான். சொல்லவில்லை. பாஸ்டி கடையில் நிறுத்தி, இறைச்சியும் கிழங்கும் அடைத்த பாஸ்டி இரண்டு வாங்கினான். டெசா கடித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துவந்தாள். கலங்கரை விளக்கத் திருப்பம் போயிற்று. பாலம் போயிற்று. வீட்டுத் தெரு தெரிந்ததும் வெர்னன் பிரேக்கை மிதித்து நடுச்சாலையில் நிறுத்தினான்.

"சாப்பிடலம்மா" என்றான்.

"பாஸ்டி கையிலயே இருக்கேப்பா, சாப்பிடு."

"நான் இல்ல. கர்னல். நவம்பர்லேர்ந்து ஒரு எலிகூடச் சாப்பிடல. ஆயிரத்து ஐந்நூத்து நாப்பது கிராம்தான். படி ஏறல, கொட்டாவி விடல, ஒண்ணும் இல்ல. எல்லாம் பொய். மொத வாரம் நீ அழுதுட்டிருக்கேன்னு எழுதினே, அதனால சொன்னேன். அப்புறம் நிறுத்தத் தெரியல. அவருக்கு என்னமோ நோய்ம்மா. நான் சொல்லியிருக்கணும். பீனட்டுக்கும் சொல்லியிருக்கணும்."

ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் பக்கத்தில் திரும்பினான். பார்த்தால் டெசா கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தான். அழத்தான் செய்தாள், ஆனால் சிரிப்புதான் அதிகம்.

"அப்பா, கர்னல் குளிர்காலத்துல சாப்பிடவே மாட்டாருப்பா! நாலு வருஷமா நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் ஒரு வாய் தொட்டதில்ல. அந்தச் சாதி ஆம்பளப் பாம்பு நெறைய அப்படித்தான். ஒருவேளை பசிச்சா இருக்கட்டும்னுதான் எலி வச்சுட்டுப் போனேன். நோட்டுல மொதப் பக்கத்துலயே பெருசா எழுதி வச்சிருந்தேனே!"

வெர்னன் திருதிருவென்று விழித்தான்.

"அப்போ உனக்கு..."

"மொத வாரமே தெரியும். 'ஒரே விழுங்கு'ன்னு எழுதியிருந்தியே. எனக்கு வந்த கோவத்துல ஒரு பானை சூப்பத் தீய விட்டேன். மறுபடியும் பீனட்டான்னு."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

டெசா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் ஒரு பக்கம் எழுதியிருந்தேப்பா. நான் காலேஜ்ல இருந்த நாலு வருஷத்துல நீ எனக்கு எழுதினது மொத்தமே 'சரி', 'பனி', 'டயரப் பாத்துக்கோ'. அவ்வளவுதான். அங்க எனக்கு வாரம் பூரா அழுகையா வரும். வெள்ளிக்கிழம உன் லெட்டர் வந்தா சாப்பாட்டு மேசையில நின்னு சத்தமாப் படிப்பேன். முப்பது பேரும் கரண்டியக் கீழ வச்சுட்டுக் கேப்பாங்க. செவுத்துல கர்னல் எடைக்கு ஒரு வரைபடமே ஒட்டியிருந்தாங்க. பட்டினி போடச் சொன்னது நான் இல்ல, ஓட்டுப் போட்டு முடிவு பண்ணது. எட்டாவது படியில உக்காந்துட்டாருன்னு நீ எழுதினப்போ ஒரு விஞ்ஞானி அழுதுட்டான்."

பின்னால் வந்து நின்ற ஒரு வண்டி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போயிற்று.

"ஆனா ஒண்ணு மனசுல வச்சிருந்தேன்" என்றாள் டெசா, இப்போது சிரிக்காமல். "பெட்டிகிட்ட நான் போறதுக்குள்ள நீயா சொல்லணும்னு. சொல்லலன்னா நெஜமாவே அரிசோனாதான்னு. பாலம் தாண்டினதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சுப்பா."

"எனக்கு பெட்ரோல் பங்குலயே கலக்கிடுச்சு" என்றான் வெர்னன்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டு எங்கே என்று கேட்டாள். வெர்னன் மேசைக்காலைக் காட்டினான். டெசா குனிந்து அதை உருவியதும் மேசை சாய்ந்து, கர்னல் பெட்டிக்குள் ஒரு சாண் வழுக்கிப் போய், இருவரையும் பார்த்தார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'அப்பா, பயப்படாதே. குளிர்காலத்தில் கர்னல் சாப்பிட மாட்டார்.' அதற்கு மேல் மேசைக்கால் வட்டமாகப் பதிந்திருந்தது.

டெசா உறைபெட்டியைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தாள். அதற்குப் பின்னால் பொட்டலம் பொட்டலமாக அடுக்கியிருந்தது.

"இவ்வளவு மீனு ஏதுப்பா?"

"அதுதான் கர்னல் சாப்பிட்ட எலி."

எலியை அவனே பக்குவம் பண்ணினான். இடுக்கியில் பிடித்து ஆட்டக்கூட இல்லை, சும்மா உள்ளே நீட்டினான். கர்னல் தலையைத் தூக்கினார். நாக்கு ஒரு தரம்தான் வெளியே வந்தது. அடுத்த கணம் எலி இடுக்கியில் இல்லை. வெர்னன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான். பத்து நிமிடத்தில் வால் நுனியும் உள்ளே போயிற்று. கர்னல் வாயைப் பெரிதாகத் திறந்து மூடினார்.

"கொட்டாவி விட்டாரு! பாத்தியா? கொட்டாவி!" என்று கத்தினான் வெர்னன்.

"அது தாடைய சரி பண்ணிக்கிறாருப்பா. முகாம்ல இன்னும் எட்டுப் பேரு இருக்காங்க. நீயே அவங்களுக்குச் சொல்லு."

வெர்னன் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினான்: 'கர்னல் சாப்பிட்டார்.' வேறென்ன எழுத என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டான். கால்மணி நேரத்தில் பதில் வந்தது. டெசா தோள் வழியாக எட்டிப் படித்தாள்.

'இது வெர்னன் எழுதியது இல்லை. வெர்னனுக்கு என்ன ஆயிற்று? உடனே சொல்லவும்.'

டெசா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெர்னன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்தான். இந்தத் தடவை நடந்ததை நடந்தபடியே எழுதினான். அதற்கே ஒன்றரைப் பக்கம் ஆயிற்று.